சூடு ஆறும் வரை

ஜனவரி 9

தங்கைக்கு,

அம்மா சொல்லித்தான் இதை எழுதுகிறேன். நானாக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. திங்களும் வியாழனும் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறாள். உனக்குத் தெரிய வேண்டாம் என்று இத்தனை நாள் என் கையைக் கட்டி வைத்திருந்ததும் அவள்தான், இப்போது எழுது என்பதும் அவள்தான்.

முதலில் பஸ்ஸில் கூட்டிப்போனேன். வளைவுக்கு வளைவு வாந்தி. என் மோட்டார் சைக்கிளில் அவளை உட்கார வைக்க முடியாது. "ஷெட்ல சின்னவ வண்டி சும்மாதானே நிக்குது" என்றாள். மூன்று வருடமாக நான் அந்த ஷெட்டைத் திறந்ததில்லை என்பது அவளுக்கும் தெரியும். திறந்தேன். பேட்டரி மாற்றியதும் உன் பந்தயக் கார் தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தத்தோடு கிளம்பியது. அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை.

சிக்கல் என்னவென்றால், மலை ஏற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. அதன்பின் கியர் மாறுவதில்லை. வண்டி நொண்டுகிறது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெரிய வளைவில், கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒதுக்கி, பானெட்டைத் திறந்து வைத்து, முக்கால் மணி நேரம் காத்திருக்கிறோம். அம்மா வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். இங்கே உள்ள மெக்கானிக்கிடம் காட்டினேன். "ரேஸ் வண்டியெல்லாம் நம்மகிட்ட கொண்டு வராதீங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்.

அந்த விளக்கு என்ன, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது.

—

ஜனவரி 17

எப்படி அழைத்து எழுதுவது என்று தெரியவில்லை. அண்ணா என்று இனிக் கூப்பிடாதே என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அது கியர் பாக்ஸ் எண்ணெயின் சூட்டைக் காட்டும் விளக்கு. இந்த வண்டியின் கியர் தானாக மாறுவது. மெதுவாக மேடு ஏறும்போது உள்ளே எண்ணெய் கடைபட்டுக்கொண்டே இருக்கும், கடையக் கடையச் சூடாகும். அதை ஆற்றுவதற்கு ரேடியேட்டருக்குள் சின்னதாக ஓர் ஏற்பாடு உண்டு. ஆனால் ஏற்கனவே கொதிக்கும் தண்ணீரிடம் போய் ஆறிக்கொள் என்றால் எண்ணெய் எப்படி ஆறும்? சூடு மிஞ்சினால் கியர் பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே கியரில் நின்றுவிடும். நல்லவேளை, நீங்கள் நிறுத்துகிறீர்கள். நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் கருகியிருக்கும்.

இதற்குத் தனியாக ஒரு கூலர் சேர்க்க வேண்டும். ஷெட்டில் மேல்தட்டில், பழைய ஹெல்மெட்டுக்குப் பின்னால், பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்று இருக்கும். பொருத்துவதற்காக நான் வாங்கி வைத்தது. அதற்குள் கிளம்ப வேண்டியதாகிவிட்டது.

முன் பம்பரைக் கழற்றினால் ரேடியேட்டர் தெரியும். கூலரை அதற்கு முன்னால், இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் போகிற இடைவெளி விட்டு, ரப்பர் வைத்து முடுக்க வேண்டும். தகடுகளுக்குள் எதையும் குத்தாதீர்கள். கியர் பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்கு இரண்டு குழாய்கள் போகும். வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் ஒன்று சூடாகவும் ஒன்று அதைவிடக் குறைவாகவும் இருக்கும். சூடு குறைந்ததுதான் எண்ணெய் திரும்பிப்போகிற வழி. எஞ்சினை நிறுத்தி நன்றாக ஆறவிட்டு, அந்த வழியில் கூலரைச் சேருங்கள். பிறகு எண்ணெய் குறையும், ஊற்றிச் சரிபார்க்க வேண்டும். டின் அதே தட்டில் இருக்கிறது.

அதுவரை இரண்டாவது கியரிலேயே வைத்து ஏறுங்கள். ஏசி வேண்டாம்.

இங்கே சுரங்க முகாமில் போன் எடுக்காது. அலுவலகத்தில் ஒரு போன் இருக்கிறது, உயிர்போகிற அவசரத்துக்கு மட்டும். வாரம் ஒருமுறை சரக்கு லாரி கடிதம் கொண்டுவரும். நூறு டன் லாரிகளுக்குக் கீழே படுத்திருக்கிறேன், மற்றபடி நலம்.

வரட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். அம்மா என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

—

ஜனவரி 30

உன் கூலரைப் பொருத்தினேன். வியாழக்கிழமை அது பல்லிளித்துவிட்டது.

பெட்டியில் இருந்த ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது. என் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கிற மெஷினுக்குத் தண்ணீர் போகும் குழாய் அதே பருமனில் இருந்தது. அதை வெட்டிப் போட்டேன். கண்ணுக்குப் பவர் பார்க்கிறவனுக்கு இவ்வளவுதான் தெரியும். பம்பரைக் கழற்றியதில் மூன்று கிளிப் உடைந்தது, என் விரல் நகம் ஒன்றும் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஷெட் தரையில் மல்லாந்து கிடந்தேன். கொசுறாக முதுகு வலி.

மேலே ஏறும்போது விளக்கு எரியவில்லை. மனதுக்குள் உன்னைப் பாராட்டக்கூடச் செய்தேன். இறங்கும்போது தீய்ந்த வாடை. நிறுத்திக் குனிந்து பார்த்தால் குழாய் வெந்து தொளதொளத்து, எண்ணெய் சாலை நெடுகச் சொட்டியிருக்கிறது. அந்த எண்ணெய் சிவப்பாக இருக்கும் என்று நீ எழுதவில்லை. துடைத்துவிட்டு எழுந்த என் கையைப் பார்த்து அம்மா பதறிவிட்டாள். "எங்கடா வெட்டிக்கிட்டே, காட்டு." எண்ணெய்தான் என்று எத்தனை தடவை சொல்லியும் நம்பாமல், தன் புடவைத் தலைப்பால் என் கையைத் துடைத்துப் பார்த்த பிறகுதான் விட்டாள். டயாலிசிஸ் முடிந்து வருகிறவளுக்கு அந்தப் படபடப்பு ஆகாது. வேறொரு வண்டி கட்டி இழுத்து வந்து சேர்த்தது.

உனக்கு எப்போதும் வண்டிதான் முக்கியம். எப்படிப் பொருத்துவது என்று இரண்டு பக்கம், அம்மாவைப் பற்றி இரண்டு வரி. மூன்று வருடத்துக்கு முன் அன்றைக்கும் அப்படித்தான். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தபோது நீ பந்தய டிராக்கில் சுற்றிக்கொண்டிருந்தாய். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு விரல் மரத்துப்போனது. எல்லாம் முடிந்தபின் கையில் ஹெல்மெட்டோடு வாசலில் வந்து நின்றாய்.

கேட்டதற்குப் பதில்: அம்மா அரை இட்லி அளவுகூடச் சாப்பிடுவதில்லை. வாசலிலிருந்து வண்டி வரை நடக்கிறாள். உப்பில்லாத சோற்றைப் பார்த்து, "இதைச் செஞ்சவங்களை முதல்ல சாப்பிடச் சொல்லு" என்கிறாள். செய்தது நான்.

—

பிப்ரவரி 7

தண்ணீர்க் குழாயைக் கொதிக்கும் எண்ணெய்க்குப் போட்டீர்களா? வழியிலே தெறித்துச் சூடான சைலன்சர் மேல் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? உள்ளே உட்கார்ந்திருந்தது யார்? நீங்கள் கடையில் யாருக்காவது இடது கண் லென்ஸை வலது கண்ணுக்கு மாட்டி அனுப்புவீர்களா? ஒரு வாரம் பொறுத்து எனக்கு எழுதிக் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? உனக்கு எப்போதுமே இந்த அவசரம்தான். கேட்டால் தாழ்ந்துவிடுவாய் என்று நினைப்பு.

நீ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை, இருக்கட்டும்.

டிராக்கில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது அங்கே உள்ள விதி. வெளியே வந்து எடுத்துப் பார்த்தபோது திரை முழுக்க உன் பெயர். அதற்குப் பிறகு அந்த வண்டியை நான் ஓட்டியது ஒரே ஒரு தடவை, அங்கிருந்து வீட்டுக்கு. எனக்கு வண்டிதான் முக்கியம் என்றால் அதை ஏன் விட்டுவிட்டு வந்தேன் என்று நீ ஒரு நாளாவது யோசித்திருக்கிறாயா? எழுதிக்கொண்டே போனால் கிழித்துப் போட்டுவிடுவேன். நிறுத்துகிறேன்.

லாரி ஓட்டுநரிடம் சரியான குழாயைக் கொடுத்து அனுப்புகிறேன். எண்ணெய்க்கென்றே செய்தது, உள்ளே நூல் பின்னல் இருக்கும். கூடவே குழாயை இறுக்கிப் பிடிக்கிற நல்ல கிளாம்ப் நான்கும் ஒரு சின்ன மின்விசிறியும் இருக்கின்றன. அதைக் கூலருக்கு முன்னால் மாட்டு, மெதுவாகப் போகும்போது காற்றைத் தள்ளும். தகரத்தின் கூரான ஓரம் எதிலும் குழாய் உரசக் கூடாது. உரசும் இடத்தில் ஒரு துண்டு ரப்பரைச் சுற்று. முடித்ததும் வெள்ளைக் காகிதம் ஒன்றைக் கீழே விரித்துவிட்டு வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிடு. ஒரு சொட்டு விழுந்தாலும் அம்மாவை ஏற்றாதே.

சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்து கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேள். உப்பு இல்லாத குறை தெரியாது.

—

பிப்ரவரி 26

குழாய் வந்தது. இந்தத் தடவை நீ எழுதியதை எழுத்துக் கூட்டிப் படித்துச் செய்தேன். காகிதத்தில் ஒரு சொட்டும் இல்லை. சந்தேகத்தில் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன்.

திங்கட்கிழமை ஏறினோம். பெரிய வளைவு வந்தது, போனது. விளக்கு எரியவில்லை, மீட்டரில் சூடு காட்டும் ஊசியும் பாதிக்குக் கீழேயே படுத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவன் மாதிரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியாக வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு நிக்கலியா?"

"தேவையில்லம்மா. அதான் கூலர் போட்டாச்சே."

"ஓ" என்றாள். வளைவு மறையும் வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எனக்கு அப்போது உறைக்கவில்லை. வீடு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. வீட்டில் நான் சமையல், மாத்திரை, கடை என்று ஓடிக்கொண்டே இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அவள் கண்ணை மூடிக் கிடக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியது அந்தச் சுவரோரத்தில் மட்டும்தான். வண்டி ஆறுகிற வரைக்கும் அவள் பேசுவாள். நான் என் பொறுமையின்மையை அடக்கிக்கொண்டு பாதி கேட்டிருக்கிறேன், பாதி கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஊசி அசையாமல் இருந்தபோதே வளைவில் ஒதுக்கி நிறுத்தினேன். பானெட்டையும் திறந்து வைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "நல்லா நடிக்கிறே" என்றாள். அன்றைக்குச் சொன்னது இது. நீ முதன்முதலாகப் பந்தயத்தில் ஓட்டிய நாளில் அப்பாவும் அவளும் என்னிடம் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்கு என்று பொய் சொல்லிவிட்டு அங்கே வந்திருக்கிறார்கள். "உங்கப்பா ரெண்டு காதுலயும் பஞ்சு வெச்சிக்கிட்டாரு. வண்டி எதிர்ல வர்றப்பல்லாம் எந்திரிச்சி நின்னாரு. பின்னாடி இருக்கறவங்க உக்காருய்யான்னு சத்தம் போடுறாங்க, அவருக்குத்தான் காது கேக்காதே." சொல்லிவிட்டு இருமும் வரை சிரித்தாள். உனக்கு இது தெரியுமா? எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு நீ ஓட்டுவது பிடிக்காது என்றே இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டது.

இன்னொன்று கேட்க வேண்டும். பக்கத்து இருக்கை உன் பந்தய இருக்கை. முதலில், "யாரோ இடுப்பைப் பிடிச்சிக்கிட்ட மாதிரி இருக்கு" என்று கேலி பேசினாள். அது சாயாது என்பதால் இப்போது சிரமமாக இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுச் சாய்கிற இருக்கை எதையாவது போட முடியுமா?

—

மார்ச் 6

அண்ணா,

இருக்கையைப் பற்றிக் கேட்டாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்றதெல்லாம் பிறகுதான் கண்ணில் பட்டது. ஜனவரியில் வாசலிலிருந்து வண்டி வரை நடந்தவள் இப்போது நிமிர்ந்து உட்கார முடியாமல் இருக்கிறாள். அதை நீ நேராக எழுதவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்தாயா, இல்லை உனக்கு எழுத வரவில்லையா?

வண்டியோடு வந்த பழைய இருக்கை பரணில், சாக்குக்குள் கட்டி வைத்திருக்கிறேன். நன்றாகச் சாயும். கீழே முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நான்கு போல்ட். பந்தய இருக்கையைக் கழற்றும்போது அடியில் ஒரு வயர் இருக்கும், அதை முதலில் பிடுங்கு. தலைக்கு அவளுடைய தலையணையே போதும். கால் பக்கம் ஒரு மடித்த போர்வை.

அப்பா அங்கே வந்தது எனக்குத் தெரியாது. அந்த வரியைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணுல தூசா?" என்றார். ஆமாம் என்றேன். கண் கழுவுகிற இடத்துக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். நல்ல மனிதர்.

அண்ணா, இந்தத் தடவை கேட்டே விடுகிறேன். நான் வரட்டுமா?

—

மார்ச் 16

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. பதில் எழுதுவதற்குள் பதில் பழசாகிவிட்டது.

இருக்கையை மாற்றினேன். தலையணை வைத்தேன், போர்வை மடித்து வைத்தேன். திங்கட்கிழமை வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு அம்மாவைத் தூக்கப் போனேன். கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்டா."

"என்ன போதும்? நேரமாச்சு."

"ஆஸ்பத்திரி போதும். இனிமே போக வேணாம்."

வண்டி தயாராக இருக்கிறது, சூடாவதில்லை, இருக்கை சாய்கிறது, பத்து வருடம் ஏறி இறங்கலாம் என்று கத்தினேன். நோயாளியிடம் கத்தக் கூடாது என்று தெரியும், கத்தினேன். அவள் நான் முடிக்கிற வரை காத்திருந்தாள். "வண்டியை நல்லா பண்ணிட்டே. எனக்குத்தான் இதுக்கு மேல முடியல" என்றாள். டாக்டரையும் வீட்டுக்கே அழைத்து வந்தேன். அவர் அம்மாவிடம் தனியாகப் பேசிவிட்டு வெளியே வந்து, "அவங்க தெளிவாத்தான் இருக்காங்க. வலி இல்லாம பாத்துக்கலாம்" என்றார். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு.

அப்பா சாய்ந்த அன்றைக்கு உனக்கு ஆள் அனுப்ப முடியவில்லை. இன்றைக்கு முகாம் அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறேன். அவர்கள் சொன்னார்களோ இல்லையோ என்று இதையும் எழுதுகிறேன். எது முதலில் வந்தாலும் சரி.

கிளம்பி வா. கேட்டுக்கொண்டிருக்காதே.

—

ஏப்ரல் 10

அண்ணா,

முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். அம்மாவின் காரியம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதற்குக் காரணம் உனக்கே தெரியும். "நீ ஒன்பது நாள் பாத்தே, நான் மூணு வருஷம் பாத்தேன்" என்றாய். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதற்குப் பதில் தேடினேன். அது உண்மை. ஆனால் அந்த மூன்று வருடத்தை நீ எனக்குத் தரவில்லை என்பதும் உண்மை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். ஒன்றை வைத்து ஒன்றை அடிக்க எனக்குத் தெம்பில்லை.

நீ அசந்து தூங்கிய அந்தப் பிற்பகலில் நடந்ததைச் சொல்லவேயில்லை. அம்மா கண் விழித்து, "வண்டியை எடுக்கிறியா?" என்று கேட்டாள். உன்னை எழுப்பினால் விடமாட்டாய். பக்கத்து வீட்டு அக்காவின் உதவியோடு தூக்கி இருக்கையில் சாய்த்தேன். அவள் உடம்பில் எடையே இல்லை, அண்ணா. நான் தினமும் கையாளும் ஸ்பேனர் பெட்டி அதைவிடக் கனம். எங்கே போக வேண்டும் என்றேன். "உங்கண்ணன் நிறுத்துவானே, அங்க."

அவ்வளவு மெதுவாக நான் அந்த வண்டியை ஓட்டியதே இல்லை. வளைவில் நிறுத்தினேன். கீழே பள்ளத்தாக்கில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி. கோவம் வந்தா ஏதாவது ஒரு இரும்பைப் பிடிச்சிக்கிட்டுக் கிடக்கறீங்க" என்றாள். பிறகு, "அவன் பண்ணதைப் பாரு, சரியா இருக்கான்னு" என்றாள். இறங்கிப் பானெட்டைத் திறந்து பார்த்தேன்.

உன் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். தகர ஓரத்தில் ரப்பர் சுற்றச் சொல்லியிருந்தேன். நீ குழாய் முழுக்க, உரசாத இடத்திலும், சுற்றி வைத்திருக்கிறாய். கிளாம்ப் நான்கும் ஒரே பக்கம் பார்த்தபடி, கடையில் ஃபிரேம் அடுக்குகிற மாதிரி. மின்விசிறியின் வயரைத் துணி தைக்கிற நூலால் கட்டியிருக்கிறாய், அது மட்டும் அபத்தம். நான் மாற்றவில்லை. "சரியா இருக்கும்மா" என்று உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னேன். அவள் தூங்கிவிட்டிருந்தாள். அவள் எழும் வரை நின்றுகொண்டிருந்தேன். நீ எழுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் முழு வாக்கியமாக எதுவும் பேசவில்லை. கடைசியாகக் கேட்டதை உனக்குத் தராமல் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

—

ஏப்ரல் 22

அன்புத் தங்கைக்கு,

நான் தூங்கியிருக்கக் கூடாது என்று கோபம் வந்தது. பிறகு, தூங்கியது நல்லது என்று தோன்றியது. விழித்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

அன்று சொன்னது நான்தான். மறுக்கவில்லை. மூன்று வருடத்தை நான் தரவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். மறுபடி பிரித்தேன். இன்னும் பல தடவை பிரிப்பேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நேற்று வியாழக்கிழமை. காலையில் குளித்தேன், கடையைத் திறக்கவில்லை, வண்டியை எடுத்தேன். எங்கே போகிறோம் என்று யோசித்து எடுக்கவில்லை. வளைவைத் தாண்டியதுகூட நினைவில் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியபோதுதான் எனக்கே தெரிந்தது.

அங்கே சக்கர நாற்காலி தள்ளுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். உன் வண்டிச் சத்தம் கேட்டாலே போதும், நான் இறங்குவதற்குள் நாற்காலியோடு வந்துவிடுவார். அம்மாவை, "வாங்க, பந்தயக்காரம்மா" என்றுதான் கூப்பிடுவார். நேற்றும் அப்படியே சத்தம் கேட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வேகமாக வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்தார்.

இருக்கை சாய்ந்தபடியே இருந்தது. தலையணையும் இருந்தது.

அவர் உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "அம்மா இனிமே வரமாட்டாங்க." வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் நீயோ பக்கத்து வீட்டு அக்காவோதான் சொன்னீர்கள். என் வாயால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. அந்த மனிதர் நாற்காலியைப் பிரேக் போட்டு நிறுத்தி, என்னை அதில் உட்கார வைத்தார். வருகிறவர்களும் போகிறவர்களும் பார்க்க, அம்மா உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவர் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு நோயாளி வந்து இறங்கும் வரை நின்றார்.

நான் எழுந்து நாற்காலியை அவர்களுக்குக் கொடுத்தேன்.

அடுத்த விடுமுறை எப்போது என்று எழுது.

அண்ணன்